பத்தரை மணிக்குக் காட்ட வேண்டிய புழுக்கள்

சாக்கு ஈரம் உங்கள் வேட்டியில் படுகிறதா அய்யா? கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். கீழே வைக்கச் சொல்கிறீர்கள். வைக்கலாம்தான். ஆனால் இந்த வண்டியின் தரை எப்படிக் கொதிக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும். மேலே கம்பியில் வைத்தால் அடுத்தவர் தலையில் சொட்டும். அதனால் மடிதான். பதினாலு மாதமாக, செவ்வாயும் வெள்ளியும், மடிதான்.

மீன் இல்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடம் கேட்டீர்களே, "புங்கனேரி மண்புழுப் பண்ணைக்கு எங்க இறங்கணும்?" என்று. அது என் காதில் விழுந்தது. பாலத்தடியில் இறங்க வேண்டும். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் வாயை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. இன்றைக்குக் காலையில் நடந்தது மட்டும் நடக்காமல் இருந்தால் முடிந்திருக்கும்.

அந்தப் பண்ணை என்னுடையது அய்யா. என் பெயர் தீர்த்தகிரி. நீங்கள் பத்தரை மணிக்குப் பார்க்கப்போகிற புழுவெல்லாம் இந்தச் சாக்குக்குள் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். அப்படியானால் பண்ணையில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? நாலு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மேலே கீற்றுக் கொட்டகை இருக்கிறது. எறும்பு ஏறாமல் இருக்க, தொட்டியைச் சுற்றி அரை அடி அகலத்துக்குத் தண்ணீர் வாய்க்கால் இருக்கிறது. ரோட்டோரம் பச்சைப் பெயின்ட் அடித்த போர்டு, அதில் என் படம், பக்கத்தில் பெரிதாக ஒரு மண்புழுவின் படம். புழுதான் என்னைவிட நன்றாக விழுந்திருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி முப்பது. தொட்டிக்குள் சாணமும் இலையும் உண்டு. புழு மட்டும் கிடையாது.

நீங்கள் எந்தப் பக்கம்? பண்ருட்டியா. அப்படியானால் கோழி கூவும்போதே கிளம்பியிருப்பீர்கள். லோகநாதன் சார் சொன்னாரா, நேரில் போய்ப் பாருங்கள் என்று? எங்கள் பக்கத்து வேளாண்மை அலுவலர் அவர். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார். எத்தனை தொட்டி கட்டலாம் என்று இருக்கிறீர்கள்? இருபதா? இடம் இருக்கிறதா? ஓ, இப்போது அங்கே முந்திரி நிற்கிறது. அதை வெட்டிவிட்டுத் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை மரம் அறுக்க ஆளும் சொல்லியாகிவிட்டது.

வேண்டாம் அய்யா. அந்த மரத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் நின்ற நிழலை வெட்டிவிட்டு, அதே இடத்தில் தகரத்தை நிறுத்தி, அதற்குக் கீழே புழு வளர்ப்பதா? ஆனால் சும்மா வேண்டாம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எல்லாவற்றையும் சொன்னால்தான் நம்புவீர்கள். சொல்கிறேன்.

ஆரம்பத்தில் பொய் கிடையாது. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தேன். நாலு நாள் பயிற்சி என்றார்கள், போனேன். முடித்து வரும்போது ரெண்டு கிலோ புழு கொடுத்து அனுப்பினார்கள், இதே மாதிரி ஈரச் சாக்கில். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இதுங்களுக்கும் சேத்து ஆக்கணுமாடா?" என்றாள். ஆனால் காய்கறித் தோலைத் தினமும் தனியாக எடுத்து வைத்தது அவள்தான். மூன்று மாதத்தில் தொட்டி மேலே டீத்தூள் கொட்டினது போல எரு. சாக்கைத் தூக்கினால் வெளிச்சம் பட்ட இடத்தில் இருந்ததெல்லாம் சரசரவென்று கீழே இறங்கும். ஒரு நொடிதான், அப்புறம் அங்கே ஒன்றுமே இருந்ததாகத் தெரியாது.

சாயங்காலம் ஆனால் தொட்டிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் வரும் அய்யா. கஞ்சி ஆறும்போது பானைக்குள் சின்னதாகக் கொப்புளம் உடைகிற சத்தம் வருமே, அது போல. ஆயிரக்கணக்கில் அதுகள் ஈர இலைக்குக் கீழே நகர்கிற சத்தம். யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அப்புறம் லோகநாதன் சார் வந்து பார்த்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்கள் குழு ஒன்றை வேனில் கூட்டி வந்தார், நாற்பது பேர். போகும்போது ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி நிறையப் புழு கொடுத்து அனுப்பினேன். அதில் முப்பத்தொன்பது பேர் வழியிலேயே கொட்டியிருப்பார்கள். ஒருத்தர் மட்டும் கொட்டவில்லை. ஈச்சம்பள்ளம் சின்னபாப்பா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எங்கப்பா பெயர் மாதையன். வார்டு தேர்தலில் ரெண்டு தடவை நின்று ரெண்டு தடவையும் தோற்றவர். ரெண்டாவது தடவை பதினேழு ஓட்டு. எங்கள் பங்காளிகளே முப்பது பேர் இருக்கிறோம். அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போவதையே விட்டிருந்தார். பேப்பரில் என் படமும் தொட்டியும் வந்த அன்றைக்குத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். இப்போது வேன் வருகிற நாளெல்லாம் அந்தச் சட்டைதான்.

மாசி மாதம் ஊரில் மாடுகளுக்கு முகாம் போட்டார்கள். குடல் புழுவுக்கு மருந்து. நல்ல காரியம்தான், மாடெல்லாம் விலா எலும்பு தெரிய நின்றது. எங்கள் நாலு மாட்டையும் நானே பிடித்து நின்று மருந்து கொடுக்க வைத்தேன். டாக்டர் சாணத்தைப் பற்றி ஏதோ சொன்னார். அப்போதுதான் போர்டுக்குப் படம் எடுக்கிறவர் வந்து, தோளை இப்படித் திருப்புங்கள், முகத்தை அப்படி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் ரெண்டு பேர் பேசுவதை எப்படிக் கேட்பது? டாக்டர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். மாட்டு வயிற்றில் இருக்கிற புழுவைக் கொல்கிற மருந்து சாணத்தோடு வெளியே வரும், அந்தச் சாணம் என் தொட்டிக்குள் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாரிக் கொண்டுவந்து நாலு தொட்டியிலும் போட்டேன்.

ரெண்டாம் நாள் காலையில் சாக்கைத் தூக்குகிறேன், சுவர் முழுக்கப் புழு. சேமியாவைக் கொட்டி ஒட்டினது போல. விளிம்பு வரைக்கும் ஏறி, வாய்க்கால் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. மண்புழு சுவர் ஏறினால் என்ன அர்த்தம் என்று பயிற்சிக்குப் போகாதவனுக்குக்கூடத் தெரியும். உள்ளே இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் அர்த்தம். அதுகளை வழித்தெடுத்துப் பழைய எருவில் போட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். ஒரு மணி நேர வேலை. ஆனால் அன்றைக்குத்தான் போர்டு திறப்பு. வேன் வந்து நின்றுவிட்டது. காலேஜ் பிள்ளைகள் அறுபது பேர்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள். "ஏன் சார் இதெல்லாம் மேல ஏறி வருது?"

சார். என்னை ஒருத்தர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சந்தோஷமா இருந்தா இப்படித்தாம்மா ஏறும்" என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள் அய்யா. எனக்கு அந்த நோட்டுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கோடு போட்டு, தேதி போட்டு எழுதினாள்.

அப்புறம் ரெண்டு கையாலும் அதுகளை வழித்து உள்ளே தள்ளினேன். ஏற ஏறத் தள்ளினேன். கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது, நான் சிரித்துக்கொண்டே தள்ளினேன். ஈரச் சாக்கை ரெட்டையாக மடித்து மேலே போட்டு, சுற்றிலும் செங்கல் வைத்தேன். வெளியே வரமுடியாதபடி வைத்தேன். ஐந்தாம் நாள் கொட்டகைக்குள் நுழைய முடியாத நாற்றம்.

என் மேல் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. அறுபது பேர் நிற்கும்போது நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அதைத்தான் கேட்கிறேன்.

லோகநாதன் சார் வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "தீர்த்தா, வர்ற செவ்வாக்கிழமை மேல இருந்து வர்றாங்க. போர்டு வெச்சு ஒரு வாரம் ஆகலை. ஒரு நாள் சமாளிச்சுடு" என்றார். ஒரு நாள் என்றுதான் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு நாளைக்குப் புழு எங்கே கிடைக்கும்? அப்போதுதான் அந்தக் கொட்டாங்குச்சி ஞாபகம் வந்தது. விசாரித்துக்கொண்டு ஈச்சம்பள்ளம் போனேன். சின்னபாப்பாவுக்கு மாடு கிடையாது, ஆடுதான். வீட்டுக்குப் பின்னால் உடைந்த தண்ணீர் டேங்க், ரெண்டு லாரி டயர், ஒரு சிமெண்டுக் குழாய், கிழிந்த தார்ப்பாய். அதற்குள் ஆட்டுப் புழுக்கையும் வாழைத் தண்டும். கையை விட்டால் மண் வரவில்லை அய்யா, புழுதான் வருகிறது. நான் கொடுத்த ஒரு கொட்டாங்குச்சியிலிருந்து வந்தது. அதனால் அவர்களிடம் இருப்பதும் ஒருவகையில் என் புழுதான். இல்லையா? அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"அக்கா, பயிற்சிக்கு ஒரு நாள் வேணும். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன்.

"எடுத்துக்குங்க தம்பி, நீங்க குடுத்ததுதானே" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை நன்றாக நடந்தது. ரொம்ப நன்றாக நடந்தது, அதுதான் வினை. மறுபடியும் பேப்பர். வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம். அடுத்த செவ்வாய் வேறு மாவட்டத்திலிருந்து ரெண்டு பஸ். நடுவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். யாரிடம் சொல்வது? அப்பாவிடம் ஒரு நாள் ஆரம்பித்தேன். "நீ போர்டைக் கழட்டச் சொல்றியா? கழட்டறேன். அப்புறம் நான் எந்த ரோட்டுல நடக்கிறது?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் பேசுவேன் அய்யா. நானாக உண்டாக்கின பேச்சு. முதலில் ஒரு கை அள்ளி வெயிலில் தூக்கிக் காட்டுவேன், அதில் எல்லாரும் ஒரு அடி பின்னால் போவார்கள். அப்புறம் சிரிக்க வைப்பேன். "இதுக்குப் பல்லு இல்ல, கண்ணு இல்ல, காது இல்ல, எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி, போட்டதைச் சாப்பிடும்" என்பேன். பெண்கள் கூட்டம் என்றால் இந்த இடத்தில் ரெண்டு நிமிஷம் நிறுத்த வேண்டும், சிரித்து ஓய மாட்டார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இப்ப யாரும் பேசாதீங்க. சுவத்துல காதை வெச்சுக் கேளுங்க" என்பேன்.

சாக்கில் வருகிற புழு ஒரு தொட்டிக்குத்தான் காணும். மற்ற மூன்றிலும் வெறும் சாணம். ஆனால் கூட்டம் நாலு தொட்டியிலும் காதை வைக்கும். நாலிலும் கேட்கும் அய்யா. பதினாலு மாதத்தில் ஒருத்தர்கூட எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னதில்லை. ஒரு பெரியவர் மூன்றாவது தொட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "தூத்தல் போடற மாதிரி இருக்கு தம்பி" என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கூட்டம் போனதும் அந்த இடத்தில் நானும் காதை வைத்துப் பார்த்தேன். சிமெண்ட் சில்லென்று இருந்தது.

ஓசூரில் என் கூட்டாளி திம்மராயன் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஆள் எடுக்கிறார்கள், ரெண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போடா என்று மூன்று தடவை கூப்பிட்டான். ரெண்டு நாள் எங்கே இருக்கிறது? செவ்வாய் கூட்டம். புதன் தொட்டியைக் கழுவ வேண்டும். வியாழன் புது இலை பரப்ப வேண்டும், காய்ந்த இலை போட்டோவில் நன்றாக விழாது. வெள்ளி கூட்டம். தங்கச்சி வளைகாப்பு ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்துவிட்டது. போகவில்லை. "அண்ணனுக்குப் புழுதான் ஒசத்தி" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அதையும் பெருமையாகத்தான் நினைத்தாராம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் புழுவைத் தொட்டியிலேயே நிறுத்திவைத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். நான் யோசிக்காமல் இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை உள்ளேயே விட்டுவிட்டுத்தான் வருவேன். தங்குவதில்லை. வாரத்துக்கு ரெண்டு தடவை தோண்டி, அள்ளி, வெயிலில் காட்டி, முப்பது பேர் தொட்டுப் பார்த்தால் எது தங்கும்? எங்கள் ஊர் மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

இல்லை, தொட்டியில் இருப்பது சாணம், மண் இல்லை. சரியாகத்தான் கேட்கிறீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிய நேரமாகிவிட்டது. சாயங்காலம் திருப்பித் தரவேண்டியதை மறுநாள் தரலாம் என்று விட்டுவிட்டேன், மறுநாளும் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சின்னபாப்பாவே பஸ் ஏறி வந்துவிட்டார்கள், என்ன ஆச்சோ என்று. நான் பேச்சு நடுவில் இருக்கிறேன். கூட்டத்துக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் எழுந்து, "ஏன் தம்பி எல்லாம் ஒரே மூலையில போய் முடிச்சுப் போட்ட மாதிரி கெடக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அய்யா. இருமினேன். தண்ணீர் குடித்தேன்.

"மத்த எடம் காஞ்சு கெடக்குங்க. ஈரம் அங்கதான் இருக்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மெதுவாகத்தான் சொன்னார்கள்.

எல்லாரும் திரும்பினார்கள். எங்கப்பா, "யாரும்மா நீ? அப்படித் தள்ளி நில்லு" என்றார். லோகநாதன் சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "நம்மகிட்ட வேலைக்கு வர்றவங்கதான் சார். சின்னபாப்பா, நீ போய் அந்தப் பக்கம் இரு."

அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் வீட்டில். எங்கள் வீட்டில் வைத்து அப்படிக் கூப்பிட முடியாது, அப்பா இருக்கிறார்.

அவர்கள் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். கூட்டம் போனதும் சாக்கை எடுத்துக்கொண்டார்கள். "தம்பி நல்லாப் பேசறீங்க. ஆனா வெயில்ல தூக்கிக் காட்டாதீங்க. அதுங்களுக்குத் தோலுதான் மூக்கு" என்றார்கள். அவ்வளவுதான். அடுத்த செவ்வாயும் கொடுத்தார்கள். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷி.

சும்மா வாங்கிக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். தொட்டி கட்ட அரசாங்கம் தருகிற உதவிக்கு அவர்களையும் எழுதிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன சித்திரையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டேன். விண்ணப்பப் பாரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கொடுக்கவில்லை. கொடுத்தால் லோகநாதன் சார் நேரில் போய்ப் பார்ப்பார். பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நேரம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஏன் அய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

சரி, காலையில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம் போல எட்டரை மணிக்குப் போய் வாசலில் நின்றேன். டீ போடட்டுமா என்று கேட்டார்கள், எப்போதும் கேட்பார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று சொல்லிவிடுவேன். சாக்கைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். எப்போதும் போல ரெண்டு கிலோ இல்லை, தூக்கினால் கனம் தெரிந்தது.

"நெறைய இருக்கே அக்கா?"

"இது உங்களுதே தம்பி. சாயங்காலம் கொண்டு வர வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. "அடுத்த செவ்வாக்கிழமைக்கு?"

"செவ்வாக்கிழமையும் வர வேண்டாம். போன தடவை நீங்க கொண்டாந்த சாக்கைப் பிரிச்சேன். பாதி காஞ்சு குச்சியாட்டம் இருந்துச்சு. எம் பொண்ணு அழுதுட்டா."

"கோவமா அக்கா?"

"கோவம் எங்க இருக்குது. இத்தனையும் நீங்க குடுத்த ஒரு கொட்டாங்குச்சில வந்தது, அதுக்குத் திருப்பிக் குடுத்துட்டேன்னு வெச்சுக்குங்க. பழைய எருவா பாத்து விடுங்க. மேல எலையப் போட்டு, சாக்கு நனைச்சு மூடி வெச்சிருங்க. ரெண்டு மாசம் தொறக்காதீங்க. யார் வந்து நின்னாலும் தொறக்காதீங்க. அதுங்களாவே நாலு தொட்டிக்கும் ஆயிரும்."

அப்புறம் கதவைச் சாத்தவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டார்கள்.

ரெண்டு மாதம் என்றால் பதினாறு கூட்டம் அய்யா. பதினாறு கூட்டத்துக்கு மூடின சாக்கைக் காட்டிக்கொண்டு நான் என்ன பேசுவேன்? திறந்தால் இதுவும் போய்விடும், அப்புறம் வாங்க இடம் கிடையாது. திறக்காவிட்டால் இன்றைக்குப் பத்தரை மணிக்கே எல்லாம் தெரிந்துவிடும். ஏறினதிலிருந்து இந்தக் கனத்தை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். அப்போதுதான் நீங்கள் கண்டக்டரிடம் கேட்டீர்கள்.

என்ன, அந்த அம்மா இடத்தைப் பார்க்க வேண்டுமா?

அங்கே பார்க்க என்ன அய்யா இருக்கிறது? போர்டு கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. அவர்களுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வெறும் புழுதான் இருக்கிறது. அதோடு, எப்படிச் சொல்வது, அது காலனிக்குள் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை, நான் அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் போகிறவன். வருகிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்களே என்றுதான் யாரையும் அனுப்புவதில்லை.

நீங்கள் நினைக்கமாட்டீர்களா. சரி. இல்லை, சரிதான் என்கிறேன்.

பாலம் வந்துவிட்டது. என்னோடு இறங்குங்கள். இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றால் பத்து நிமிஷத்தில் ஊத்தங்கரை வண்டி வரும். ஈச்சம்பள்ளம் விலக்கில் இறங்கி மேற்கே நடங்கள். மேல்நிலைத் தொட்டி தாண்டினால் வேலியில் தார்ப்பாய் தெரியும். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அவர்களாக எதுவும் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கையை விட்டுப் பார்க்க வேண்டும். மரத்தை வெட்டலாமா என்றும் அவர்களிடமே கேளுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அதோ பச்சை வேன், வந்துவிட்டார்கள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்கிறாரே, அவர்தான் எங்கப்பா. பண்ருட்டியிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்று லோகநாதன் சார் அவரிடம் சொல்லியிருப்பார், உங்களைத்தான் தேடுகிறார். நீங்கள் இந்தப் படியில் இறங்கி அப்படியே லாரிக்குப் பின்னால் போய்விடுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். புழுவைப் பார்க்க வேண்டாம். பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாமே. அரை மணி நேரம்தான், அதற்கு அடுத்த வண்டியும் இருக்கிறது. அந்த மாப்பிள்ளை இடத்தில் நீங்களே சிரிப்பீர்கள்.

வேண்டாமா. சரி அய்யா, பார்த்து இறங்குங்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள். அவர்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பழைய எரு, மேலே இலை, நனைத்த சாக்கு. தொடமாட்டேன். இன்றைக்கு வந்திருப்பவர்கள் ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் மேலாக ஒரு கை அள்ளிக் காட்டிவிட்டு, நாளையிலிருந்து மூடிவிடுவேன்.